மழுங்கிய திருகு

அண்ணன் இறந்து ஆறு மாதமாகியும் எனக்கு அழுகை வரவில்லை. நாங்கள் இருவரும் மாறி மாறி ஓட்டிய பழைய பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. உக்கடத்தில் ஒரு மெக்கானிக் பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

பாய் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை வாயால் ஊதினார். பிறகு, வண்டி நிற்கும்போது இன்ஜின் அணையாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்லோ திருகைக் காட்டினார். அதன் தலை மழுங்கியிருந்தது.

“ஏனுங்க, இத யாருங்க இத்தன வாட்டி திருகுனது?”

“அண்ணன் ஏத்தி வெப்பாருங்க பாய். பெட்ரோல் வீணாகுதுன்னு நான் கொறச்சுப்போடுவேன். அடுத்த நாளே ஏத்தியிருப்பாரு. ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

“அவருக்கு முட்டி வலிங்களா? சிக்னல்ல அணைஞ்சா மறுக்கா கிக்கர உதைக்கோணுமில்லீங்க. வலி இருக்கறவங்க இப்படித்தான் ஏத்தி வெப்பாங்க.”

அண்ணனுக்கு முட்டி வலி இருந்தது எனக்குத் தெரியும். தைலம் வாங்கித் தந்ததே நான்தான்.

“கொறச்சு வெக்கட்டுங்களா?”

“வேண்டாங்க. ஏத்தியே வெச்சுருங்க.”

திரும்பும் வழியில் சிக்னலில் வண்டி அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. நல்ல கால்கள் இரண்டையும் தரையில் ஊன்றி, பச்சை விழுந்த பிறகும் அப்படியே நின்றிருந்தேன்.