மாதவராஜ் வண்டு தேடிய நாள்

ஜன்னல் கம்பியில் ஊர்ந்துகொண்டிருந்ததை விரல் நுனியால் தொட்டார். உடனே காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கீழே விழுந்தது. எள்ளளவு, பழுப்பு நிறம். ஜன்னலடியில் அதுபோல் இன்னும் பதினாறு கிடந்தன. மாதவராஜ் கைலியை மடித்துக் கட்டினார்.

மறுநாள் காலை மனைவி மணிமேகலை வருகிறாள். ஓசூரில் மகள் சோபனாவுக்கு இரண்டாம் பிரசவம். உதவிக்குப் போய் மூன்று மாதம். கிளம்பும்போது, "திரும்பி வரப்போ என் அடுப்படி அடுப்படியா இருக்கணும்" என்றாள்.

"முப்பத்தொரு வருசம் பஸ்ஸு ஓட்டுனவனுக்கு நாலு டப்பாவப் பாத்துக்கத் தெரியாதா?" என்றார் இவர்.

அதைக் கடத்தூரில் அவர்கள் தெருவே கேட்டது. அதன்பிறகு அவர் கிண்டிய களியையும் வைத்த குழம்பையும் தெரு நல்லவிதமாகவே பேசியது. இப்போது அந்தப் பெயரைப் பதினேழு வண்டு தின்னப் பார்க்கிறது.

பஸ்ஸில் எங்காவது கடகடவென்று சத்தம் வந்தால் அவர் உடனே மெக்கானிக்கைத் தேட மாட்டார். கண்ணாடி, பலகை, கதவு என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துப் பார்ப்பார். எதைப் பிடித்தால் சத்தம் நிற்கிறதோ அதுதான். அதே கணக்கில் டப்பாக்களை முற்றத்துக்கு இறக்கினார்.

அரிசியை முறத்தில் பரப்பினார். அரிசி வண்டுக்கு மூக்கு நீண்டிருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. கொள்ளுப் பயறை உள்ளங்கையில் உருட்டினார். பயறு வண்டு வெளியே வந்திருந்தால் வட்டமாகத் துளை இருக்கும், இல்லை. ரவை நூல் கட்டவில்லை. ராகி மாவைச் சலித்தார். சுத்தம்.

"என்னங்கண்ணா, மளிகைக் கடை போடறீங்களா?" பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"வண்டும்மா."

"அண்ணி வராங்கன்னு சேதி போயிருக்கும். வரவேற்க வந்திருக்குது."

"சிரிக்காத. எதுல இருக்குதுன்னே தெரியல."

"எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுசா வாங்கி ரொப்புங்க."

"எங்கிருந்து வருதுன்னு தெரியாம ரொப்புனா புதுசுலயும் ஏறும்."

ஜன்னலடியைத் துடைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து சுவரையே பார்த்தார். அரை மணி நேரத்தில் ஒரு வண்டு பரணிலிருந்து இறங்கி வெளிச்சத்தைப் பார்த்து நடந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஸ்டூல் மேல் ஏறினார்.

பெரிய அண்டாவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை. பிரித்தார். சுக்கு, திப்பிலி, ஓமம், தனியா. சுக்கு முழுக்கச் சல்லடைக் கண். பையின் அடியில் பழுப்புத் தூள், அதற்குள் வண்டு.

மாதவராஜ் ஸ்டூல் மேலேயே நின்று சிரித்தார். மகளின் பிரசவ மருந்துக்கு மணிமேகலை பார்த்துப் பார்த்துச் சேர்த்த சாமான் இது. ஓசூரில் இறங்கியதும் பையைக் காணோம். வழியனுப்பப் போன இவர்தான் பஸ்ஸில் ஏற்றாமல் விட்டுவிட்டார் என்று தீர்ப்பாகி, மூன்று மாதமாக ஃபோனில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

கதையைக் கேட்ட குள்ளம்மாள் சுவரைச் சுற்றி உள்ளேயே வந்துவிட்டாள். "வுட்றாதீங்கண்ணா. கவர்ல கட்டி வச்சு, வந்ததும் மூஞ்சிக்கு நேரா நீட்டுங்க. எங்க அண்ணிக்கும் ஒரு நாள் வாயடைக்கட்டும்."

அவர் பையையே பார்த்தார். "வூட்டுலயே வச்சுட்டுப் போயிட்டோமேன்னு அவளுக்கு மனசு ஒரு மாதிரி ஆயிரும். நான் தொலச்சதாவே இருக்கட்டும். அந்தத் திட்டு எனக்குப் பழகிருச்சு. புதுச் சண்டைக்கு ஒடம்புல தெம்பில்ல."

"நீங்கல்லாம் பஸ்ஸு ஓட்டி எப்பிடித்தான் முந்துனீங்களோ."

பையைக் கொல்லையில் கொளுத்தினார். பரணிலும் அலமாரி இடுக்கிலும் கிடந்த தூளைப் பழைய பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து, துணியால் துடைத்துக் காயவிட்டார். தானியங்களை மொட்டை மாடியில் வெயில் தாழும்வரை பரப்பினார். சூடு ஆறியபின் டப்பாவில் போட்டு, கொள்ளில் நாலு காய்ந்த மிளகாயும் போட்டு இறுக்கி மூடினார்.

மறுநாள் பத்தரை மணிக்கு மணிமேகலை வந்தாள். கை கால் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள். எல்லா டப்பாவையும் திறந்து மூடினாள். பரணைத் துடைத்தது யார் என்று கேட்டாள். நான்தான் என்றார். மருந்துப் பையைத் தொலைத்ததற்கு ஒருமுறை திட்டினாள். மதியம் கொள்ளு ரசம் வைத்தாள். நான்கு மணிக்குக் குள்ளம்மாள் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். ஆறு மணிக்கு மணிமேகலை சோபனாவுக்கு ஃபோன் செய்து, பை வீட்டிலேயேதான் இருந்ததாம், அப்பா மேல் தப்பில்லை என்றாள். பிறகு பேத்தி பால் குடித்தாளா என்று விசாரித்தாள்.