கேட்காமல் காப்பாற்றிய தாள்

2009இல் லண்டன் குரோய்டனில் நகலெடுக்கும் கடை வைத்திருந்தேன். விசா அலுவலகத்துக்குப் போகிற எங்கள் சனங்களின் சான்றிதழ்களை லேமினேட் செய்து கொடுப்பேன். பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டால் எதுவும் அழியாது என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

ஒருநாள் ஒரு முதிய ஈரானியர் பழுப்பேறிய தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். பஹாய் மதத்துக்கு முன்னோடியான பாபி மதத்தின் எழுத்து, அவருடைய பூட்டனார் கையால் பிரதி செய்தது. அந்த மதத்தில் சேர்ந்ததற்காகவே பூட்டனாரைக் கொன்றுவிட்டார்களாம். தாளை பஹாய் சுவடிக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுக்கப் போவதாகவும், தனக்கு ஒரு நகல் போதும் என்றும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

தாளின் ஓரங்கள் என் கையில் உதிர்ந்தன. பாவமாக இருந்தது. கேட்காமலே லேமினேட் மெஷினுக்குள் விட்டேன்.

திரும்பி வந்தவர் அதை வாங்கி விரலால் தடவினார். “எரிக்க வந்தவர்களுக்குத் தெரியாமல் சுவருக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினோம். இனி இதைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிரிக்கவே முடியாதே” என்றார்.

“கேக்காமல் ஏனப்பா செய்தனீங்கள்?” என்றாள் பக்கத்தில் நின்ற என் மனைவி.

“நல்லதெண்டு நினைச்சுத்தான்...”

அவர் திட்டவில்லை. போகும்போது நன்றிகூடச் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, வன்னியிலிருந்து அப்பா கடைசியாக எழுதிய கடிதத்தை எடுத்தேன். யுத்தம் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. பேனாவை அழுத்தி எழுதுகிறவர். எழுத்துகள் தாளின் பின்பக்கம் புடைத்திருக்கும். தடவிப் பார்த்தேன். விரல் வழுக்கியது.

அதையும் நான் லேமினேட் செய்திருந்தேன்.