சிரிக்காத அத்தை

என் அப்பாவின் தங்கை சென்னையில் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே டி.வி.யில் நடித்தாள். ஆபீஸ் ஆண்டு விழாவில் போட்ட நாடகத்தைப் பார்த்து யாரோ கூப்பிட்டார்களாம். வாரம் ஒருநாள் சாயங்காலம் வரும் சிரிப்பு நிகழ்ச்சியில் நாலைந்து குட்டி நாடகங்கள் இருக்கும். ஒன்றிலாவது அத்தை வருவாள். சூரமங்கலத்தில் எங்கள் ரயில்வே குடியிருப்பு வரிசையில் எதிர்வீட்டில் மட்டும்தான் டி.வி. எல்லாரும் அங்கே கூடிவிடுவோம்.

அத்தைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகள்தான். ஒருமுறை ரேஷன் கடைக்காரியாக வந்தாள். "இன்னிக்குச் சர்க்கரை இல்லைங்க. நாளைக்கு வாங்க, நாளைக்கும் இல்லைன்னு சொல்றேன்." முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எதிர்வீட்டு மாமா இருமல் வரும்வரை சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தை வீட்டில் பேசுவதும் அப்படித்தான். அதற்கு யாரும் சிரித்ததில்லை. "கொஞ்சம் சிரிச்ச மொகமா இருந்தா என்ன?" என்று அப்பா திட்டத்தான் செய்வார்.

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது ஆத்தூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் சொன்ன இடம். மாப்பிள்ளையின் அம்மா அத்தையைக் கண்டதுமே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். உட்காரச் சொன்னதற்கு அத்தை, "பரவாயில்லைங்க, நிக்கிறேன்" என்றாள். அதற்கும் சிரிப்பு.

மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "ஏம்மா, எங்க பையனைப் புடிச்சிருக்குதா?"

"எனக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பம் இல்லைங்க."

கூடமே அதிர்ந்தது. மாப்பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பாவும் அவசரமாகச் சேர்ந்துகொண்டார்.

"நெசமாத்தானுங்க சொல்றேன்" என்றாள் அத்தை.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாருங்க, மொகம் மாறாமயே சொல்லுது!" என்றார். இந்த முறையாவது சிரிப்பை விட்டுவிடக் கூடாதென்று நானும் பலமாகச் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு டி.வி. கூடாது என்று பேசி, அன்றே மாதமும் குறித்துவிட்டார்கள்.

அத்தை மறுநாள் ரயிலேறிப் போனாள். பத்து நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பா ஒரு கடிதத்தோடு வந்தார். அத்தை அவர்களுக்கு எழுதியது. அம்மா அதை வாய்விட்டுப் படித்தாள். கூடத்தில் சொன்ன அதே வாக்கியம்தான். யாரும் சிரிக்கவில்லை. "வரச் சொல்லி அவமானப்படுத்திட்டீங்களே" என்று கத்திவிட்டு அவர் போனார். அப்பா தலைகுனிந்து நின்றார்.

"இதைத்தானேம்மா அன்னிக்கும் சொன்னாங்க, நீங்கெல்லாம் சிரிச்சீங்களே?" என்று கேட்டேன். முதுகில் ஓர் அடி விழுந்தது.

அப்பா அத்தையோடு பேச்சை நிறுத்தினார். எதிர்வீட்டுக்கு டி.வி. பார்க்கப் போகக் கூடாதென்று எங்களுக்கும் உத்தரவு. அத்தை அதன்பிறகு மூன்று வருடம் நடித்தாள் என்பதும், அந்த நிகழ்ச்சியே அவள் முகத்துக்காகத்தான் ஓடியது என்பதும் பின்னால் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தாள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. அத்தை அடுப்படியில் தனியாக நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து நான் கிட்டே போனேன்.

"அன்னிக்கு நீங்க கல்யாணம் வேண்டாம்னு சொன்னீங்கல்ல அத்தை, எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியலை."

அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்படியா சாமி" என்றாள்.

முகம் மாறவில்லை. அவளுக்கு மகிழ்ச்சிதான் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாட ஓடிவிட்டேன்.