பதினொரு நாள் விரல்கள்

உக்குவளையில் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் நப்லானைத்தான் கூப்பிடுவார்கள். வேலையும் சுத்தம், பேச்சும் தன்மை. ஆனால் எந்த மெஷினைத் தொடுவதற்கு முன்னும் ஒரு கொப்பியை விரித்து, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று வரிவரியாக எழுதிக்கொள்வான். "என்ன நானா, சோதனை எழுதுறீங்களா?" என்று அண்ணன் முறை வைத்து நக்கலடிப்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவான்.

முன்பெல்லாம் ஆள் இப்படியில்லை. எது பழுதானாலும் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் அவனுக்கு முதல் வேலை. பத்துக்கு எட்டுத் தடவை அது பலித்தும் தொலைத்தது. அதுதான் வினை.

மூன்று வருஷத்துக்கு முந்திய நோன்பு மாதம். மிளகும் ஏலமும் பொதி செய்யும் கம்பெனியொன்றின் கிளை அலுவலகம். வேலையாட்கள் விரல் வைக்கும் மெஷின் அங்கே இருந்தது. யார் யார் வந்தார்கள் என்பதை அது நெட்வொர்க் வழியாகக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. அதன்பிறகு மெஷினுக்கு நெட்வொர்க் இலக்கம் கிடைக்கவில்லை. இலக்கம் இல்லாமல் எதையும் அனுப்ப வழியில்லை. விரல்களை வாங்கி வாங்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது. பதினொரு நாள் கழித்துத்தான் கொழும்பு விழித்துக்கொண்டு கேட்டது.

மேனேஜர் ஸஹாப்தீன் சொல்லி, நப்லான் காலை ஏழு மணிக்கே போனான். கதவைத் திறந்துவிட்டவர் கூட்டித் துடைக்கும் கமலாட்சி. எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஆறு மணிக்கு வருவார். மற்றவர்கள் வருமுன் எட்டரைக்குப் போய்விடுவார். ஆறு மாதம் நாள் தவறாமல் வந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து மாதம் முடிந்திருந்தது.

மெஷின் இருந்தது இருட்டு மூலையில். கமலாட்சி தன் போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"அதுக்கு என்ன தம்பி நோவு?"

"ஒண்டுமில்லக்கா. எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா தொடங்கினா சரியாயிரும்."

அழித்தான். சரியாகவில்லை.

அப்புறம்தான் நப்லான் துரைக்கு, இலக்கம் கொடுக்கிற ரவுட்டரைப் பார்க்கத் தோன்றியது. யா அல்லாஹ்! நோன்புக் கஞ்சி வாங்க மாலையில் அலுவலக வாசலில் கூடுகிற அத்தனை பேருக்கும் ஸஹாப்தீன் பெரிய மனசு பண்ணி வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தார். ரவுட்டரிடம் இருந்ததே ஐம்பது இலக்கம். ஒரு போனுக்குக் கொடுத்தால் ஒரு வாரத்துக்கு அதை வேறு யாருக்கும் கொடுக்காது. ஐம்பதையும் கஞ்சிக்கு வந்த போன்கள் கொண்டுபோயிருந்தன. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை! அதற்கென்று ஓர் இலக்கத்தை ஒதுக்கிக் கொடுத்தான். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அழித்த பதினொரு நாள் மட்டும் திரும்பி வரவில்லை.

ஒன்பது மணிக்கு வருகிறவர்கள் அந்தப் பதினொரு நாளும் வந்தார்கள் என்று ஸஹாப்தீனே சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கமலாட்சியைக் கண்டதாகச் சொல்ல யாருமில்லை. துடைத்த தரையில் பதினொரு நாள் நடந்தார்களே, அதைத் துடைத்தது யார் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா?

மறுநாள் ஸஹாப்தீன் கமலாட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு நப்லானிடம் கேட்டார். "மெஷினுக்குள்ள இவங்கட விரல் ஏதும் இருந்திச்சா?"

கமலாட்சி நப்லானையே பார்த்துக்கொண்டு நின்றார். அழித்தது நான் என்றால் அந்தக் கம்பெனி வாசலை இனி மிதிக்க முடியாது என்று நப்லானுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"நான் பாக்கக்குள்ள ஒண்டும் இருக்கல்ல நானா."

அழித்த பிறகு பார்த்தால் என்ன இருக்கும், பாவி! பதினொரு நாள் வரவில்லை என்று கணக்காகி வேலை போனது; கமலாட்சி தன்னிடமிருந்த சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வருஷம் அது அவன் நெஞ்சைப் போட்டு அரித்தது. போன மாதம்தான் துணிந்து எல்கடுவைக்குப் போனான். கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார் கமலாட்சி. முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். இப்போதே போய் மேனேஜரிடம் சொல்கிறேன் என்றான்.

"வேணாங்க தம்பி. அங்க இப்ப வேற ஒரு புள்ள வேல செய்யுது. அது சோத்துல மண்ணப் போட்ற வேணாம்." கழுவிய காலைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அழிச்சது எனக்குத் தெரியும். லைட்டு புடிச்சுக்கிட்டு நின்னது நான்தானே."

"அப்ப ஏனக்கா அண்டைக்கு சொல்லல்ல?"

"நான் சொன்னா யாருங்க நம்பப் போறாங்க? நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தான் ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்."