மீன் வரக்கூடாத வீடு

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடிப்போயிருந்த சமயம். இல்லாவிட்டால் குளத்துக்கு மேற்கே அந்தத் தெருவில் எங்களுக்குக் குடியிருக்க இடம் கிடைத்திருக்காது. வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தாள். ஆண் துணை வேண்டியிருந்தது. என் சட்டையையும் கையிலிருந்த புத்தகத்தையும் பார்த்தாள்.

"நீ யாரு, எங்கேருந்து வர்றேன்னு கேக்கமாட்டேன் தம்பி. எனக்கு ஒண்ணுதான். வாசப்படிக்குள்ள மீன் வரக்கூடாது. வாடைகூட வரக்கூடாது."

சரி என்று தலையாட்டினேன். கடலுக்குப் போகிறவனுக்குப் பிறந்து, அக்கா மீன்கூடை சுமந்து படிக்க வைத்து, ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் நான். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். மீனை விடுவது ஒரு பெரிய விஷயமா? பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் இருந்தது. மகளை அங்கே சேர்க்கவேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம்.

என் மனைவியும் கடலோரக் குப்பத்துப் பெண்தான், என் மாமன் மகள். புது வீட்டில் கத்தரிக்காயும் பருப்பும் சமைத்தாள். இரண்டாவது குழந்தை உண்டானபோதுதான் கஷ்டம் வந்தது. எதைத் தின்றாலும் வாந்தி. கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒருநாள் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, "ஒரு காரப்பொடி மீன் கொயம்பு இருந்தா நாலு வாய் எறங்கும் மாமா" என்றாள். நான் எழுந்துபோய் டாக்டரிடம் டானிக் வாங்கிவந்தேன்.

மகளுக்கு அப்போது நாலு வயது. குப்பத்தில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனபோது, கூடையில் துள்ளிக்கொண்டிருந்த மீனைப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதாள். சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். "இன்னாடா இது, நம்ம வூட்டுக் கொயந்தை மீனுக்கு பயப்படுது! ஐயரு வூட்ல மாத்திக்கினியா?" என்றாள் அக்கா. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைத் தூண்டில் போடக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

வலைக்காரன் பிள்ளை தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதைக் குப்பத்து ஆட்கள் பார்த்தால் ஊரே சிரிக்கும். தெருக்காரர்கள் பார்த்தாலும் ஆபத்து. அதனால் முதலில் கால்வாயோரமாக ஒதுக்குப்புறமான இடமாகப் பார்த்தேன். அங்கே ஒன்றும் சிக்கவில்லை. பிறகு அடையாற்றுப் பாலத்துக்குக் கீழே போனோம். வீட்டுக்கார அம்மாளின் வாழைமரத்தடியில் மண்புழு தோண்டிக் கொட்டாங்கச்சியில் போட்டு, மேலே இலையை மூடி எடுத்துப்போவோம். குழந்தைக்குப் பயம் தெளிந்துவிட்டது. தக்கை அமுங்கினால் என்னை முந்திக்கொண்டு கத்துவாள். சிக்கின மீனை ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பாள். பிறகு நான் அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். "அது அவங்க அம்மாகிட்ட போகட்டும்" என்பேன். அவளும் குனிந்து, "போய்ட்டு வா" என்று கையாட்டுவாள்.

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு தையற்கார பாய் அங்கே வருவார். தாடி நரைத்தவர். வாய் ஓயாது. அந்த ஞாயிறு அவர் தூண்டிலில் முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி விழுந்தது. மீனின் மீசையைப் பார்த்ததும் குழந்தை கைகொட்டிச் சிரித்தாள். பாய் அதன் முள்ளை ஒடித்து, செவுளில் நாரைக் கோத்து அவளிடம் நீட்டினார்.

"இந்தா கண்ணு, அம்மாகிட்ட குடு. கொயம்பு வெக்கச் சொல்லு."

"வேண்டாம் பாய்" என்றேன்.

"கொயந்தைக்குத்தானே குடுத்தேன். உனக்கா குடுத்தேன்?"

"இல்லை, வேண்டாம்."

அவர் முகம் மாறிற்று. "இன்னா நைனா, பாய் கையால வாங்கினா தீட்டா?"

"ஐயோ, அப்படியில்லை" என்று பதறினேன். எப்படிச் சொல்வது? கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நாங்க குடியிருக்கிற வீட்டுல மீன் சேர்க்கமாட்டாங்க."

"அப்போ நீ எதுக்கு வாரா வாரம் வந்து மீன் புடிக்கிறே?"

குழந்தைதான் பதில் சொன்னாள்: "அதோட அம்மாகிட்ட அனுப்பறதுக்கு."

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பை அவர் தொடர்ந்திருந்தால் தேவலை போலிருந்தது. குழந்தை நாரை இறுகப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவுக்கு வேணும். அம்மாதான் சாப்பிடவேமாட்டேங்கறாங்களே" என்றாள்.

வாங்கிக்கொண்டோம். ஆனால் அதை எங்கே எடுத்துப்போவது? தெரு முனையிலேயே யாராவது பார்த்துவிடுவார்கள். அக்கா வீட்டில் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொல்லி, அந்தி சாய்ந்ததும் மனைவியைக் கூட்டிவந்து அங்கேயே சாப்பிட வைக்கலாம் என்று நினைத்தேன். இப்படி ஒரு வழி இருப்பது இத்தனை நாள் எனக்குத் தோன்றவேயில்லை. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு சாந்தோம் வழியாகக் கடற்கரையோரமே குப்பத்துக்கு நடந்தேன். என் முதுகில் கெளுத்தியின் ஈரம் பட்டுக்கொண்டே வந்தது.

அக்கா வீட்டு வாசலில் குனிந்து நுழைந்தேன்.

உள்ளே என் மனைவி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலைவலி, படுத்திருக்கிறேன் என்று காலையில் சொன்னவள். உடம்பில் அக்காவின் பழைய சேலை. அவள் கட்டிவந்த சேலை மீன் வாடை படாமல் கொடியில் தனியாகத் தொங்கியது. தட்டு நிறையச் சோறு, காரப்பொடிக் குழம்பு. பக்கத்தில் பிழியாத எலுமிச்சம்பழ மூடி ஒன்று, கை தேய்க்க.

என்னைப் பார்த்ததும் அவள் குழம்பு வழியும் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எதுக்குடி கைய ஒளிக்கிறே?" என்றாள் அக்கா. "அவன் உன் புருசன். வூட்டுக்காரம்மா இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "புள்ளைத்தாச்சிடா. நீ பாலத்துக்குப் போற நேரம் பாத்து ஓடியாரா. வாரத்துக்கு ஒருவாட்டி வவுறு நெறைய துன்னுட்டுப் போறா. உன்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவியாம். நீ பட்ச்சவனாம்."

நாங்கள் மீனை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம் இவள் இங்கே இருந்திருக்கிறாள். கோபம் வந்தால் பிழைத்துப்போவேன் என்று பார்த்தேன். வரவில்லை. முதுகுக்குப் பின்னால் போன அந்தக் கைதான் கண்ணில் நின்றது.

"சாப்பிடு" என்றேன்.

அவள் சாப்பிடவில்லை. தலை குனிந்து பருக்கையை நகர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தை போய் கெளுத்தியைத் தட்டருகே வைத்து, "உனக்குத்தாம்மா, மீசை பாரு" என்றாள். அதற்கும் அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் இருக்கும்வரை அவளுக்கு ஒரு வாய் இறங்காது என்று புரிந்தது. வெளியே வந்து, மேட்டில் ஏற்றிக் காயவைத்திருந்த கட்டுமரத்தருகே நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. "முள்ளு, முள்ளு, பாத்துத் துன்னு" என்று குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

சேலையை மாற்றிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்த உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள்.

"வாடை வருதா பாரு மாமா. கொயந்தை வாயையும் மோந்து பாத்துடு."

நான் அந்தக் கையை முகர்ந்து பார்க்கவில்லை. "வேறே வீடு பார்க்கிறேன்" என்றேன்.

"வேணாம் மாமா. கொயந்தைய அந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னுதானே அம்மாம் பாடுபட்றே" என்றாள். கையை மறுபடியும் ஒருமுறை முந்தானையில் துடைத்துத் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டு, குழந்தையோடு முன்னால் நடந்தாள்.