ஈரத்துணியில் சிவந்த புள்ளிகள்

கடந்த ஆண்டு, ஜவ்வாது மலையில் சாமை அறுவடை முடிந்து களங்கள் வெறுமையாகிக் கிடந்த நாட்களில் இது நிகழ்ந்தது. எங்கள் சிற்றூரில் என் வீட்டையும் பக்கத்து வீட்டையும் பிரிப்பது ஒரு முள்வேலி மட்டுமே. அவ்வீட்டுப் பெண்மணி கணவரை இழந்தவர். ஆடுகள் வளர்த்து, தம் சிறுமகளுடன் வாழ்பவர்.

என் நாய்க்கு இடுப்பிலும் வால் அடியிலும் ரோமம் உதிர்ந்து, தோல் தடித்துச் சிவந்திருந்தது. வேப்பெண்ணெய் தடவினேன், மஞ்சள் அரைத்துப் பூசினேன். பயனில்லை. அது தன் உடலையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. அச்சமயத்தில் பக்கத்து வீட்டுச் சிறுமியின் கால்களிலும் சிவந்த தடிப்புகள் தோன்றின.

தாய் வேலியருகே வந்து நின்றார்.

“அண்ணா, புள்ள ராவெல்லாம் சொறிஞ்சிக்கினே கீது. உங்க நாய்கிட்டருந்து ஒட்டுனதுதான். எங்கனா வுட்டுட்டு வந்துடுங்க. இல்லாட்டி சோத்துல எதனா வெச்சிடுவேன், சொல்லிட்டேன்.”

“கொஞ்சம் பொறும்மா. டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றேன்.”

“நாய்க்கு டாக்டரா? மனுஷனுக்கே இங்க ஜீப்பு கெடைக்கல.”

அவர் வெறுமனே மிரட்டுபவர் அல்லர். மறுநாள் காலையிலேயே நாயைக் கழுத்தளவு சாக்கில் கட்டி, ஜீப்பில் ஏற்றி, அடிவாரத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றேன்.

மருத்துவர் அம்மையார் நாயின் ரோமத்தைச் சீப்பால் வாரினார். உதிர்ந்த கரும்புள்ளிகளை ஈரப் பஞ்சில் வைத்தார். அவை கரைந்து இரத்தமாய்ச் சிவந்தன.

“இது மண்ணு இல்லீங்க ஐயா. தெள்ளுப்பூச்சி ரத்தம் குடிச்சிட்டுப் போட்ட எச்சம். அந்தக் கடி இதுக்கு ஒத்துக்கல. படுக்கிற எடத்த சுத்தம் பண்ணாம நாய்க்கு மட்டும் மருந்து போட்டா திரும்ப வந்துடும். எங்க படுக்குது?”

அது படுப்பது பக்கத்து வீட்டு ஆட்டுப்பட்டி வாசலில் என்றேன். நரி ஒருமுறை குட்டியைத் தூக்கிய நாள்முதல், யாரும் ஏவாமலே அங்குக் காவல் கிடக்கிறது. ஆடுகளிலும் இப்பூச்சி மிகும் என்று மருத்துவர் கூறி, நாய்க்கும் ஆடுகளுக்கும் பட்டித் தரைக்கும் தனித்தனியே மருந்து தந்தார். சிறுமியின் தடிப்புகளைப் பற்றிச் சொன்னபோது, இவற்றை அவளுக்குத் தடவாமல் சுகாதார நிலையத்தில் காட்டச் சொன்னார்.

“நோய் உன் பட்டியிலிருந்துதான் வந்தது” என்று சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தோடுதான் மலையேறினேன். ஆனால் வேலியோரம் சிறுமி தன் கால்களைச் சொறிந்தபடி நின்றாள். அவற்றைக் கண்டபின் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அவள் தாயிடம் ஈரமான வெள்ளைத்துணி ஒன்றை மட்டும் கேட்டேன். அதன்மேல் நாயை வாரிக் காட்டி, மருத்துவர் கூறியதை விளக்கினேன்.

அப்பெண்மணி தாமே ஓர் ஆட்டுக்குட்டியைப் பிடித்துவந்து துணியின் மறுமுனையில் வாரினார். அங்கும் சிவந்தது.

“அப்போ எங்க பட்டியில இருந்துதான் வந்துச்சாண்ணா?”

“எங்கருந்து வந்தா இன்னாம்மா? ரெண்டு பக்கமும் சுத்தம் பண்ணா போய்டும்.”

மறுநாள் இருவருமாகப் பட்டியின் எருவை அள்ளி, மேல்மண்ணைச் செதுக்கி, மருந்து தெளித்தோம். சிறுமியின் கால்கள் முதலில் தெளிந்தன. நாய்க்கு ரோமம் மெல்ல முளைத்தது. அதுவரை கட்டிவைத்திருந்த நாயை அவிழ்த்த மாலை, அது நேரே பட்டி வாசலுக்கே சென்று படுத்தது. அப்பெண்மணி அதை விரட்டவில்லை.

அன்று ‘உன் பட்டிதான் காரணம்’ என்ற வழக்கில் நான் வென்றிருந்தால், அவருடைய கோபத்துக்கு என் நாயை இழந்திருப்பேன் என்றே இன்றும் எண்ணுகிறேன்.