பளபளக்கக் கூடாத வளையம்

தம்பி திருநின்றவூரில் ஃப்ளாட் வாங்கிக் குடும்பத்தோடு போன பிறகு, கும்மிடிப்பூண்டி மாடி வீட்டில் நான் மட்டும் இருந்தேன். தொழிற்பேட்டையில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க அடுத்தவர் செய்ததை அளப்பேன். அளவு தப்பினால் சிவப்பு அட்டை கட்டித் திருப்புவேன். அதனால் கேண்டீனில் என் மேஜைக்கு யாரும் வந்து உட்காருவதில்லை. அது பழகிவிட்டது. வீட்டிலும் பேச ஆள் இல்லை என்பதுதான் புதிது.

ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கினேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. மொட்டைமாடியில் அதைக் கேமராவோடு பொருத்தி வானத்தைப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். உருக்காலை விளக்குகளால் எங்கள் பக்கத்து வானம் செங்கல் நிறமாகவே இருக்கும். அந்த வெளிச்சத்தை வடிகட்ட ஒரு ஃபில்டர் போட்டேன். படத்தின் நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக விழுந்தன. நான்கு மூலைகளிலும் அரிசி மணி போல நீண்டு கிடந்தன.

மூலைகளைச் சரிசெய்வதற்கென்றே கரெக்டர் என்று ஒரு லென்ஸ் உண்டு. அதற்கும் கேமராவின் சென்சாருக்கும் நடுவே ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வளையங்களைக் கோத்து அந்த இடைவெளியைக் கொண்டுவருவார்கள். நான் அளந்தபோதெல்லாம் ஐம்பத்தைந்துதான் இருந்தது. மூன்று வாரம் இதே கதை. பிறகு ஓர் இணையக் குழுவில் படித்தபோதுதான் உறைத்தது. நடுவில் இருக்கும் ஃபில்டர் கண்ணாடி, தன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அதிக இடைவெளி கேட்குமாம். என் கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர். ஆக எனக்கு இன்னும் புள்ளி ஏழு மில்லிமீட்டர் வேண்டும். அளப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவளுக்கு இது தெரியாமல் போனது.

என்னிடமிருந்த பதினேழரை மில்லிமீட்டர் வளையத்துக்குப் பதிலாகப் பதினெட்டு புள்ளி இரண்டில் ஒன்று போட வேண்டும். கடையில் அந்த அளவில் வளையம் இல்லை. எங்கள் டூல்ரூமில் லேத் ஓட்டுபவர் ஐம்பதைத் தாண்டியவர், ஒப்பந்தத் தொழிலாளி, பெரியபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் வேலைக்கு இரண்டு முறை சிவப்பு அட்டை கட்டியிருக்கிறேன். தயங்கிக்கொண்டே வரைபடத்தை நீட்டினேன்.

“இன்னா மேடம் இது? எந்த மெஷினுக்கு?”

“மெஷினுக்கு இல்லண்ணே. என் டெலஸ்கோப்புக்கு. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்.”

“பதினெட்டு புள்ளி ரெண்டு. அந்தப் புள்ளி ரெண்டு இல்லாங்காட்டி ஆவாதா?”

“அதுக்காகத்தாண்ணே உங்ககிட்ட வந்தேன்.”

மதிய இடைவேளைகளில் செய்தார். நான்காம் நாள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். அலுமினிய வளையம். உட்புறத்தை அப்படி மெருகேற்றியிருந்தார், என் முகம் அதில் வளைந்து தெரிந்தது.

“உள்ள யாரும் பாக்க மாட்டாங்கோ. நீங்க பாப்பீங்க,” என்றார்.

அளவு இம்மியும் பிசகவில்லை. அன்றைக்கே மூலை நட்சத்திரங்கள் உருண்டையாகிவிட்டன. ஆனால் பிரகாசமான ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், அதுவரை இல்லாத ஒரு வெளிச்ச வில் விழுந்திருந்தது.

முதலில் லென்ஸைத் துடைத்தேன். ஃபில்டரைத் திருப்பிப் போட்டேன். வில் போகவில்லை. ஒரு ஞாயிறு பகலில் கேமராவைக் கழற்றிவிட்டு, டெலஸ்கோப்பை வெளுத்த வானத்துப் பக்கம் திருப்பி, சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். லென்ஸைச் சுற்றி எல்லாம் கறுப்பாக இருக்க, வளையத்தின் உட்சுவர் மட்டும் ஜொலித்தது. அவருடைய மெருகுதான்.

சொல்ல மனம் வரவில்லை. எனக்கென்று ஒருவர் அத்தனை பார்த்துப் பார்த்து ஒன்றைச் செய்து கொடுத்து எவ்வளவோ காலமாகியிருந்தது. வளையத்தைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டே இரண்டு வாரம் டூல்ரூம் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். கடைசியில் அவரே பரிசோதனை அறைக்கு வந்து நின்றார்.

“ரிஜெக்டா மேடம்?”

“அளவு சரிதாண்ணே. உள்பக்கம்தான் ரொம்பப் பளபளப்பு. வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பிப் படத்துல விழுது.”



“முப்பது வருசமா லேத்துல நின்னுகினு கீறேன். கெடுத்துக் குடுன்னு யாரும் கேட்டதில்ல,” என்றார். பிறகு கையை நீட்டினார். “குடுங்க.”

உட்சுவர் முழுக்கத் திருகு மரை போல நெருக்கமாகப் பள்ளங்கள் வெட்டி, பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட் அடித்துக் காயவைத்துக் கொடுத்தார். “இப்ப பாக்கவே அசிங்கமா கீது. போதுமா?”

“போதும்ணே.”

“படம் வந்தா காட்டுங்க.”

பத்து நாள் பனியும் மேகமுமாகப் போனது. வானம் விட்ட அன்று ஓரியன் நெபுலாவை எடுத்தேன். செந்நிறப் புகை, சுற்றிலும் உருண்டை நட்சத்திரங்கள், எங்கும் வில் இல்லை. திங்கட்கிழமை மதியம் போனை எடுத்துக்கொண்டு டூல்ரூமுக்குப் போனேன். லேத்தில் வேறொருவர் நின்றிருந்தார்.

“அவுரு காண்ட்ராக்ட் வெள்ளிக்கெழமையே முடிஞ்சிடிச்சி மேடம். உங்களாண்ட சொல்லலியா?”

சொல்ல நான் அவருக்கு யார். படத்தைக் காட்ட எடுத்த போன் கையிலேயே இருந்தது. கேண்டீன் அம்மாவிடம் அவர் எண்ணைக் கேட்டு வாங்கிப் படத்தை அனுப்பினேன். ஆறு நாள் கழித்து, ஞாயிறு மாலை அவரே அழைத்தார். பின்னால் ஹாரன் சத்தம்.

“படம் பாத்தேன் மேடம். இதுல நம்ம ரிங்கு எங்க கீது?”

“ரிங்கு தெரியாதுண்ணே. தெரிஞ்சாதான் தப்பு.”

“அப்ப பாஸா?”

“பாஸ்ணே.”

“செரி மேடம். பஸ்ஸு வந்துகினு கீது, வெச்சிடறேன்.”

எங்கே வேலைக்குப் போகிறார் என்று கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் லைன் போய்விட்டது. அதன்பிறகு இரண்டொரு முறை அவர் எண்ணை எடுத்துப் பார்த்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மேகமில்லாத நாட்களில் படம் எடுக்கிறேன். நன்றாகவே வருகின்றன.